சென்னை வொண்டர்லாவுல புதுசா வந்த தஞ்சோரா கோஸ்டர், ஏறுனவங்க யாராச்சும் உண்மைய சொல்லுங்க

சிப்புட்_அப்பா
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா, சுங்கை சிப்புட் ஆளு. வருஷ கடைசி பள்ளி லீவுக்கு குடும்பத்தோட சென்னை போறோம், அம்மாவுக்கு ரொம்ப நாளா ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு, திருப்போரூர் முருகன் கோவில், காஞ்சிபுரம், மகாபலிபுரம்னு நம்மாளுங்க வழக்கமா சுத்துற ரூட்டு தான். இதுல என் மக (இடைநிலைப்பள்ளியில படிவம் 2) ஒரு நாள் மட்டும் எனக்கு குடுங்கப்பான்னு ஒத்த கால்ல நிக்கிறா. 2025 டிசம்பர்ல திறந்தாங்களே வொண்டர்லா கேளிக்கை பார்க்கு, அதுவும் அதே திருப்போரூர் பக்கம் தான், அங்க தஞ்சோரான்னு ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கு, அதுல ஏறணுமாம். வீடியோ காட்டுனா. தண்டவாளம் தலைக்கு மேல, ஆளு கீழ தொங்குறாங்க, கால் ரெண்டும் அந்தரத்துல ஆடுது, அப்படியே தலைகீழா போயிட்டு வருது. பாத்துட்டு என் பொண்டாட்டி வேணவே வேணாங்கறா, எங்கம்மா சாமி கும்பிட போற எடத்துல ஏன்டா உயிர பணயம் வைக்கிறீங்கன்னு ஒரு வாரமா பேசுறாங்க.

மக இதுவரைக்கும் ஏறுனதுன்னா நம்ம டவுன் பாடாங் திடல்ல வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பன்பேர்ல சுத்துற ட்ராகன் தான். நானும் பெருசா ஏறுனது இல்ல ஆனா அவள தனியா அனுப்ப மாட்டேன், கூடவே ஏறுவேன். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, அது எவ்வளவு முரட்டுத்தனமா இருக்கும், முதல் தடவ ஏறுற புள்ளைக்கு சரி வருமா, எந்த சீட்டு நல்லது, அதுக்காக ஒரு முழு நாள ஒதுக்கலாமா. அம்மாவுக்கு 68 வயசு, அவங்கள அங்க என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

மீனா_கோலகங்சார்
அண்ணே நான் தைப்பூசத்துக்கு அப்புறம் சென்னையில சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போனப்ப போனேன், என் தம்பியும் அவன் கூட்டாளிங்களும் வந்தாங்க. நேரா சொல்றேன், ஏறுங்க. நான் நல்லா பயந்தாங்கொள்ளி, உயரம்னாலே கை வேர்த்துரும், எனக்கே இறங்குனதும் மறுபடி போய் வரிசையில நிக்கணும்னு தோணுச்சு.

பயம் எங்க வரும்னா மேல ஏத்தும்போது தான். தோளுக்கு மேல இருந்து பூட்டு வந்து நெஞ்ச அமுக்கி பிடிச்சுக்கும், வேலை செய்யுற பையன் வந்து ஒவ்வொருத்தரோடதையும் இழுத்து பாப்பான், அதுக்கப்புறம் மெதுவா மேல போகும். அந்த நேரம் கீழ பாக்காதீங்க. கால் விரலுக்கு கீழ மண்ணு, செடி, மனுசங்க எல்லாம் சின்னதாகிட்டே போகுது, நடுவுல ஒண்ணுமே கிடையாது. என் தம்பி ஏறுற வரைக்கும் சத்தமா பேசிட்டு வந்தவன் அந்த எடத்துல வாய மூடிட்டான். ஆனா இறங்க ஆரம்பிச்சதும் பயப்பட நேரமே இல்லண்ணே, மடமடன்னு போயிடும், தலைகீழா இருக்கோம்னு மூளைக்கு தெரியுறதுக்குள்ள அடுத்த வளைவுக்கு வந்துடுவோம். தலைகீழா போறப்ப விழுந்துடுவோமோன்னு தான் எல்லாரும் நினைப்போம் இல்லயா, அப்படி இல்ல, சீட்டுக்குள்ள அமுக்குற மாதிரி தான் இருக்கு. கழுத்துல வலி, காதுல இடி, அதெல்லாம் எனக்கு இல்ல, வழவழன்னு போச்சு.

ஒண்ணு மட்டும், சிலிப்பர் போட்டுட்டு போகாதீங்க. எங்களுக்கு முன்னால நின்ன பையன் சிலிப்பர கழட்டி வச்சுட்டு வெறுங்கால்ல ஏறுனான், அந்த வெயில்ல தரை கொதிக்குது, ஏறி இறங்குற வரைக்கும் குதிச்சு குதிச்சு தான் நடந்தான். சாக்ஸோட நல்லா கயிறு கட்டுற சப்பாத்து போட்டு போங்க. மூக்கு கண்ணாடி போடுறவங்க பின்னால கயிறு மாட்டிக்கோங்க.

மில்_ஃபிட்டர்
தம்பி, நான் செம்பனை மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், மெஷின்னா எனக்கு உயிரு. பாதுகாப்ப பத்தி உங்கம்மா கேக்குறது நியாயம், அவங்களுக்கு புரியுற மாதிரி சொல்றேன், உக்கார வச்சு படிச்சு காட்டுங்க.

அந்த கோஸ்டர செஞ்சது பொலிகர் அண்ட் மபியார்னு ஒரு சுவிட்சர்லாந்து கம்பெனி, 1988-ல ஆரம்பிச்சாங்க. இந்த தொங்குற வகைய முதல் முதல்ல செஞ்சதே அவங்க தான், 1992-ல அமெரிக்காவுல சிக்காகோ பக்கத்துல ஒரு பார்க்குக்கு. அதாவது இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச சாமான் இல்ல, முப்பது வருஷத்துக்கு மேல உலகம் பூரா ஓடுற டிசைன். அவங்க செஞ்ச தொங்குற வகை இந்தியாவுக்கு இது தான் முதல் தடவ. ஒரு வரிசைக்கு நாலு பேரு, அதுவும் அவங்களோட வழக்கம்.

அந்த ரயிலுக்கு எஞ்சின் கிடையாது தம்பி. நம்ம மில்லுல பழத்த மேல கொண்டு போற கன்வேயர் மாதிரி ஒரு சங்கிலி தான் உச்சி வரைக்கும் இழுத்துட்டு போகும், அங்க விட்டுடும், அதுக்கப்புறம் மிச்சம் எல்லாம் அது இறங்குற வேகத்துலயே போயிட்டு வர்றது. ஏறும்போது டக் டக் டக்னு ஒரு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, சங்கிலி அறுந்தா கூட ரயிலு பின்னால உருளாம இருக்க கொக்கி ஒண்ணு ஒவ்வொரு பல்லா விழுந்துகிட்டே வர்ற சத்தம் அது. அது கேட்டா நல்லது. சில கோஸ்டர்ல சத்தம் வராத மாதிரி செஞ்சிருப்பாங்க, அதுலயும் வேலை ஒண்ணு தான்.

தண்டவாளத்த விட்டு கழண்டு விழுமான்னு கேப்பாங்க. சக்கரம் மூணு விதமா இருக்கு. பாரத்த தாங்குறது ஒண்ணு, பக்கவாட்டுல ஓடுறது ஒண்ணு, எதிர் பக்கம் இருந்து பிடிச்சுக்குறது ஒண்ணு. குழாய மூணு பக்கமும் பிடிச்சிருக்கு, எங்க கழண்டு போறது. அந்த வட்டம் சுத்துற எடமும் முழு வட்டமா இருக்காது, கவனிச்சு பாருங்க, கீழ அகலமான வளைவு, மேல போகப்போக சின்ன வளைவு. முழு வட்டமா கட்டுனா கீழ நுழையுற எடத்துல கழுத்து எலும்ப பதம் பாத்துடும், அத சரி பண்ண தான் அந்த வடிவம். 1970கள்ல ஜெர்மன்கார எஞ்சினியர் ஒருத்தரு கணக்கு போட்டு கொண்டு வந்தது, அதுல இருந்து தான் தலைகீழா போற கோஸ்டரே பெருகுச்சு.

நடுவுல எங்கயாச்சும் நின்னா அதுவும் பாதுகாப்பு தான். பாதைய பகுதி பகுதியா பிரிச்சிருப்பாங்க, ஒரு பகுதியில ஒரு ரயிலு தான் இருக்கலாம், முன்னால இருக்குறது வெளியாகலன்னா பின்னால வர்றத சென்சர் நிறுத்திடும். வேலை செய்யுறவங்க சொல்ற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தா போதும்.

சீட்டு: முதல் தடவன்னா முன் வரிசை. மத்த வரிசையில முன்னால இருக்குற சீட்டோட முதுகு தான் தெரியும், என்ன வருதுன்னே தெரியாம உடம்பு தூக்கி போடும். முன்னால உக்காந்தா வளைவு வர்றத பாத்துகிட்டே போகலாம், உடம்பும் தயாரா இருக்கும். கடைசி வரிசை தான் முரடு, ஏன்னா முன் பாதி உச்சி தாண்டி இறங்கும்போதே கடைசி ஆள சேத்து இழுத்துட்டு போகுது. ஓரத்து சீட்டுல வீச்சும் அதிகம், மகள நடுவுல உக்கார வைங்க. இன்னொண்ணு, காலையில மெதுவா ஓடும், மத்தியானம் சூடேறுனதும் கிரீஸ் இளகி வேகம் கூடும். பயம் இருக்குறவங்க காலையிலயே ஏறிடுங்க.

ஜேபி_தம்பி
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கோஸ்டருக்காகன்னா சென்னை வரைக்கும் ஏன் போகணும்? நானும் பேராக் எஸ்டேட்ல வளர்ந்தவன் தான், இப்ப ஜொகூர்ல இருந்துகிட்டு சிங்கப்பூர்ல வேலை. அங்க யுனிவர்சல் ஸ்டூடியோஸ்ல பேட்டல்ஸ்டார் கலாக்டிகா இருக்கு, ரெண்டு கோஸ்டர் பக்கத்து பக்கத்துலயே ஒண்ணோட ஒண்ணு பின்னி பின்னி போகும், ஒண்ணு உக்காந்து போறது ஹியூமன், இன்னொண்ணு சைலோன், அதுவும் கால் தொங்குறது தான், அது தான் தலைகீழா போகும். உயரம் 42.5 மீட்டர், சைலோன் 90 கிலோமீட்டர் வேகம். 2013-ல மூடி ரொம்ப நாள் வேலை பாத்து 2015 மே மாசம் தான் திரும்ப திறந்தாங்க, முன்ன ஒரு வரிசைக்கு நாலு சீட்டு, இப்ப ரெண்டு சீட்டு. 125 சென்டிமீட்டர் இருந்தா விடுவாங்க. ரெண்டு தண்டவாளமும் பின்னி கிடக்குற நடுவுல நுழைஞ்சு போறோமே, அத தஞ்சோராவால குடுக்க முடியாது. ஒத்த கோஸ்டர் தானே அது.

கோவில் டூர்ல ஒரு நாள் குறைச்சா பாட்டிக்கு மனசு கஷ்டம், பேத்திக்கு ரெண்டு ரைடுல வெயில் அடிச்சு தலவலி. ரெண்டையும் தனித்தனியா வைக்கலாம்ங்கறது என் கருத்து. பாட்டிக்கு கோவில், பேத்திக்கு அடுத்த லீவுல சிங்கப்பூர்.

மீனா_கோலகங்சார்
தம்பி நீ சொல்றது புரியுது, நானும் சைலோன்ல ஏறிருக்கேன், அருமையான கோஸ்டர் தான், இல்லன்னு சொல்லல. ஆனா செலவ பாரு. வொண்டர்லா திறந்தப்ப டிக்கெட்டு 1,489 ரூபாயில இருந்து ஆரம்பிச்சது, நம்ம காசுக்கு எழுபது வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வரும். சிங்கப்பூர் டிக்கெட்டு ஒருத்தருக்கே இருநூறு வெள்ளிக்கு மேல, அதோட ரூமு, பாலம் தாண்டுற ஜாம். அண்ணே ஏற்கனவே சென்னைக்கு ப்ளைட் காசு குடுத்து போறாரு, திருப்போரூர்லயே இருக்க போறாரு. பக்கத்துலயே இருக்குறத விட்டுட்டு இன்னொரு ட்ரிப்பு போடச் சொல்றியே.

அதோட ஒரு விஷயம், அங்க போர்டுல இருந்து கோஸ்டர் பூட்ட இழுத்து பாக்குற பையன் வரைக்கும் எல்லாம் தமிழ். கைய உள்ள வை, தலைய சாச்சு வைன்னு நம்ம பாஷையில சொல்றான். எங்க கூட வந்த ஒரு அத்தை இங்கிலீஷ் தெரியாதவங்க, மத்த பார்க்குல யாராச்சும் பக்கத்துல இருந்து சொல்லி குடுக்கணும், அங்க அவங்களே கேள்வி கேட்டு அவங்களே ஏறுனாங்க. எனக்கு அது கோஸ்டர விட பெருசா தெரிஞ்சது.

கிளினிக்_அக்கா
நான் அரசாங்க கிளினிக்ல தாதியா இருக்கேன். மகளுக்கு பிரச்சன இல்ல, ஆனா அப்பா நீங்க உங்க பிரஷர பாத்தீங்களா? பிரஷர் இருக்குற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. பிரஷர் கட்டுப்பாடு இல்லாம இருக்குறவங்க, இருதய நோய் உள்ளவங்க, முதுகு கழுத்துல ஆப்பரேஷன் பண்ணவங்க, வயித்துல புள்ள இருக்குறவங்க ஏறக்கூடாது. போறதுக்கு முன்னால ஒரு தடவ கிளினிக் வந்து காட்டிட்டு போங்க, அஞ்சு நிமிஷ வேலை.

வெறும் வயித்துல ஏறாதீங்க, வயிறு முட்டவும் சாப்புடாதீங்க. காலையில ரெண்டு இட்லியோட பசியாறிட்டு ஒரு மணி நேரம் விட்டு ஏறுனா தாராளம். பஸ்ஸுல போனாலே வாந்தி வர்ற புள்ளைன்னா தூரமா ஒரு எடத்த பாத்துகிட்டே இருக்க சொல்லுங்க. பாட்டிய கோஸ்டர் கிட்டயே நிக்க வைக்காதீங்க, பேத்தி தலைகீழா போறத பாத்தா அவங்களுக்கு தான் படபடப்பு வரும். நிழலா ஒரு எடத்துல உக்கார வச்சு தண்ணி போத்தல் குடுத்து, கூட ஒரு ஆளு இருக்கணும்.

சிப்புட்_அப்பா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிட்டர் அண்ணே எழுதுனத அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன், அந்த கொக்கி சத்தத்த பத்தி சொன்னதும் மறுபடி ஒரு தடவ படிடான்னாங்க. இப்ப ஏறாதன்னு சொல்றது இல்ல, கோவிலுக்கு போயிட்டு அப்புறம் ஏறுங்கன்னு சொல்றாங்க. நாளைக்கே கிளினிக் போறேன் அக்கா. இன்னும் ஒண்ணு மட்டும் கேக்குறேன், எங்க ஏஜெண்டு பார்க்க கடைசி நாள்ல போட்டிருக்காரு, ப்ளைட்டுக்கு முந்தின நாள். அது சரியா?

யாத்திரை_மாமா
கடைசி நாள்ல வைக்காதீங்க, மாத்த சொல்லுங்க. நான் வருஷா வருஷம் கூட்டம் சேத்து கோவில் யாத்திரை கூட்டிட்டு போறவன். டிசம்பர்ல சென்னையில வடகிழக்கு பருவமழை, அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் எப்ப கொட்டும்னு சொல்ல முடியாது. இடி மின்னல்னா எந்த பார்க்கா இருந்தாலும் கோஸ்டர நிறுத்திடுவாங்க. கடைசி நாள்ல மழை பிடிச்சா புள்ள ஏறாமலே திரும்பி வரணும். முதல் ரெண்டு நாள்ல வைங்க, மழை வந்தா காஞ்சிபுரத்த முன்னுக்கு தள்ளிட்டு பார்க்க பின்னால கொண்டு போகலாம், கோவில் மழையிலயும் திறந்து தான் இருக்கும்.

தேதியும் முக்கியம். தமிழ்நாட்டு பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு லீவு டிசம்பர் 24 வாக்குல ஆரம்பிச்சு புத்தாண்டு வரைக்கும் போகும், அந்த வாரம் சென்னையே அங்க தான் நிக்கும், கோஸ்டர் வரிசையில பாதி நாள் போயிடும். அதுக்கு முன்னால ஒரு செவ்வாய் புதன் மாதிரி வேலை நாளா பாத்து, திறக்குற நேரத்துக்கே வாசல்ல இருங்க, உள்ள போனதும் மத்த எதையும் பாக்காம நேரா தஞ்சோராவுக்கு போயிடுங்க. உயரம் அளந்து தான் விடுவாங்க, மகளோட உயரத்த இங்கயே அளந்துட்டு அவங்க இணையத்தளத்துல பாத்துக்கோங்க, அங்க போய் ஏமாறக்கூடாது.

தண்ணி ரைடுக்கு காட்டன் துணி விட மாட்டாங்க, நைலான் பாலியஸ்டர் தான். நம்ம பொம்பளைங்க பாதி பேரு இது தெரியாம சுடிதார்ல வந்துட்டு அங்க கடையில வாங்குவாங்க, நீங்க நம்ம ஊரு பசார் மாலாம் இரவு சந்தையிலயே ஆளுக்கொரு செட்டு எடுத்துடுங்க. ப்ளைட்டும், நீங்க சுங்கை சிப்புட்னா கேஎல் வரைக்கும் காடி ஓட்ட வேணாம், பினாங்குல இருந்தே சென்னைக்கு நேரா 2024 கடைசியில இருந்து விடுறாங்க, டிக்கெட்டு இன்னும் எடுக்கலன்னா ஏஜெண்டு கிட்ட அதையும் கேளுங்க.