‘ரிலீஸ்’ல ‘எஸ்’ எங்க சார் போச்சு?

மன்னார்குடியிலிருந்து:
இங்க இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். 2023 செப்டம்பர், தண்ணியில்லாம குறுவை காய்ஞ்சுகிட்டிருந்த நேரம். காவிரி ஒழுங்காற்றுக் குழு 5,000 கன அடி திறக்கச் சொன்ன சேதிதான் டீக்கடையெல்லாம். அதையே போர்டுல எழுதினேன்: ‘தி கமிட்டி ரெகமண்டட் தட் கர்நாடகா ரிலீஸ் வாட்டர்.’ பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தன், “கர்நாடகா ஒருமைதானே சார், ‘எஸ்’ எங்க போச்சு?”ன்னான்.

நியாயமான கேள்வி. ‘ரிலீசஸ்’னா நடக்கிற சேதி, இண்டிகேட்டிவ். இங்க யாரும் நடக்கிறதைச் சொல்லல, நடக்கணும்னு சொல்றாங்க. அதனால வினை மொட்டையா நிக்கும். ஒருமை, இறந்தகாலம் எதுவும் அதுல ஒட்டாது. இதுதான் சப்ஜங்டிவ்னேன். பின் பெஞ்சுலேருந்து ஒரு பொண்ணு, “அப்ப தண்ணி இன்னும் வரல”ன்னுச்சு. அதுக்கு மேல நான் விளக்கலை.

‘இன்சிஸ்ட்’தான் வில்லங்கம் புடிச்சது. லஸ்கர்னா வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுற ஆளு. ‘தி லஸ்கர் இன்சிஸ்டட் தட் தி ஷட்டர் வாஸ் குளோஸ்டு’ன்னா, ஷட்டர் மூடித்தான் கெடந்துதுன்னு அவர் சாதிக்கிறார். ‘வாஸ்’ எடத்துல ‘பி’ போட்டா, மூடியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். வாய்க்கால்ல தண்ணி முறைத் தகராறு பார்த்து வளர்ந்த புள்ளைங்களுக்கு இது சட்டுனு புரியுது. இம்பரேட்டிவ், அதாவது நேரா உத்தரவு போடுறது, அதுல சொல்ல என்ன இருக்கு, ‘ஓபன் தி ஷட்டர்’, முடிஞ்சுது.

கும்பகோணத்திலிருந்து:
பேங்க் பரீட்சைக்குப் படிச்சப்ப என்னைப் படுத்தினது ‘இஃப்’. ‘இஃப் தி டேம் இஸ் ஃபுல்’னா நெரம்பியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘இஃப் தி டேம் வேர் ஃபுல்’னா, மேட்டூர் 120 அடியில இல்லைன்னு தெரிஞ்சே பேசறோம். பேச்சுல ‘வாஸ்’ங்கிறவங்க நெறைய பேர். பரீட்சையில ‘வேர்’ போடுறதுதான் பத்திரம்.

திருவாரூரிலிருந்து:
எனக்குத் தமிழய்யா நடத்துன வியங்கோள்தான் கைகொடுத்துது. அவன் வாழ்க, அவர்கள் வாழ்க. ஆள் மாறினாலும் வினை மாறாது. ‘லாங் லிவ் தி கிங்’ அதே ஜாதி, ‘லிவ்ஸ்’ வராது. ஆனா ‘இஃப் ஐ வேர்’கிட்ட வியங்கோளைக் கொண்டுபோனா மாட்டிக்குவீங்க. அங்க நம்ம ‘வந்திருந்தா’, ‘இருந்திருந்தா’ பக்கம் போகணும். சார், ‘ஷுட் ரிலீஸ்’னு எழுதினா தப்பா?

மன்னார்குடியிலிருந்து:
தப்பில்ல. பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல அது சகஜம். ‘ஷுட்’ இல்லாம எதிர்மறையா எழுதும்போதுதான் கவனம் வேணும்: ‘ஐ சஜஸ்ட் தட் ஹி நாட் கோ.’ நடுவுல ‘டஸ்’ஸை நுழைச்சிடாதீங்க.