‘பெயரெச்சத் தொடர்’ வேண்டாம், ‘அடைத்தொடர்’ என்று வைக்கலாமா?

அக்கா, வணக்கம்.

ஆங்கிலத்தில் ஹூ, விச் வைத்துப் பெயரோடு ஒட்டும் ‘ரிலேட்டிவ் கிளாஸ்’ (relative clause) என்ற தொடருக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘பெயரெச்சத் தொடர்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ‘நேற்று வந்த பையன்’, ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ இரண்டும் பொருளில் ஒன்றுதானே? பெருந்துறையில் மாலை டியூஷனில் அந்தப் பெயரைச் சொல்லியே நடத்தினேன். மறுநாள் ஒரு பையன் ‘தி யெஸ்டர்டே கேம் பாய்’ என்று எழுதி வந்தான். அவன்மேல் தப்பில்லை. எச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும் என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்திருக்கிறாரே!

இடம் மட்டும் மாறினால் சமாளித்துவிடலாம். ‘வெட்டிய’ என்ற ஒன்றையே வைத்து வெட்டிய ஆள், வெட்டிய அரிவாள், வெட்டிய தோப்பு, வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய மரம் என்று நாம் பேசிவிடுகிறோம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று நன்னூல் சொல்லும் ஆறும் இவைதான். ஆள் வெட்டினானா, வெட்டுப்பட்டானா என்பது கேட்கிறவர் பாடு. ஆங்கிலம் அப்படி விடாது. ஆளுக்கு ஹூ, மரத்துக்கு விச், தோப்புக்கு வேர், நாளுக்கு வென், அரிவாளுக்கு வித் விச். இந்தச் சொற்களில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ‘எச்சம்’ என்ற பெயர் அவற்றை மறைத்துவிடுகிறது.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் நம் பெயரெச்சத்தை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்’ என்றார். நம் எச்சத்துக்கு அவர் கோட்டு மாட்டிவிட்டார் என்பதற்காக, பதிலுக்கு நாம் அவர்கள் தொடருக்கு வேட்டி கட்டிவிட வேண்டுமா?

பெயரைச் சிறப்பிக்க வரும் சொல்லை அடை என்கிறோம். அதனால் தொடருக்கு ‘அடைத்தொடர்’. ஹூ, விச் வகைக்கு ‘இணைசுட்டு’; இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

காற்புள்ளி விஷயத்தில் மட்டும் பிடிவாதம் உண்டு. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் திருப்பூர்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் எனக்கு வேறு சகோதரர்களும் உண்டு, திருப்பூர்க்காரனைச் சொல்கிறேன் என்று பொருள். ‘ஹூ’வுக்கு முன்னும் ‘திருப்பூர்’க்குப் பின்னும் காற்புள்ளி போட்டால் ஒரே சகோதரன், திருப்பூர் என்பது கூடுதல் சேதி. இதற்கு ‘வரையறுக்கும்’, ‘வரையறுக்காத’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எதற்கு? செந்தாமரை இனமுள்ள அடை, ஏனென்றால் வெண்தாமரையும் உண்டு. செஞ்ஞாயிறு இனமில்லா அடை. வேறு நிறத்தில் இன்னொரு ஞாயிறு ஏது? பழைய இலக்கணம் சொல்லுக்குச் சொன்னதைத் தொடருக்கு நீட்டினால் போதும். இனமில்லா அடைத்தொடரில் காற்புள்ளி வேண்டும், ‘தட்’ கூடாது. பிள்ளைகளுக்கு இவ்வளவு தெரிந்தால் மார்க் வந்துவிடும்.

நன்னூல் செய்த பவணந்தியார் இங்கே பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஊர்ப்பெருமைக்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

தம்பி
பெருந்துறை

*

தம்பி,

அடைத்தொடர் எனக்குச் சம்மதம். ‘இனமுள்ள’ என்று மட்டும் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், சாதியைக் கேட்கிறோம் என்று பின் பெஞ்சு திரும்பிப் பார்க்கும். இனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது ‘பிரியடை’, சேதியை விரிப்பது ‘விரியடை’ என்றால் கரும்பலகையில் எழுதவும் சுலபம்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் ‘ஹூஸ்’ (whose) எங்கே? ‘மாடு தொலைந்த பெரியவர்’ என்று சந்தையில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். தொலைந்தது மாடு, எச்சம் போய் ஒட்டியதோ பெரியவர்மேல். நன்னூல் சொல்லும் அந்த ஆறு வகையில் அவரை எதில் சேர்ப்பீர்கள்?

அக்கா
கோபி