1995 மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வாங்கியாச்சு, முதல்ல எதை மாத்தலாம்?

கேள்வி: 1.8 லிட்டர், சர்வீஸ் ரெக்கார்டு இல்லை. காயிலோவரா (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்), எக்ஸாஸ்டா?

பதில் 1: ரெண்டும் இப்போ வேண்டாம் பாஸ். ரேடியேட்டர் மேல்டேங்க் பிளாஸ்டிக் கறுப்பு போய் பழுப்பாகியிருந்தா விரிசல் விடப்போகுது. அலுமினிய ரேடியேட்டர் போடுங்க. டைமிங் பெல்ட் ஆயுள் சுமார் 1,00,000 கி.மீ. அறுந்தா இந்த இன்ஜின்ல வால்வு வளையாது, ஆனா வண்டி நடுரோட்டுல நிக்கும். கழட்டுறப்பவே வாட்டர் பம்பையும் மாத்திடுங்க, ரெண்டாவது தடவை கழட்டுற கூலி மிச்சம்.

பதில் 2: டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க. 2314ன்னா 2014, 23வது வாரம். அது கல்லாட்டம் இறுகியிருக்கும். நல்ல டயர், புது டாட் 4 பிரேக் ஆயில், சக்கர அலைன்மென்ட், இது போதும். எக்ஸாஸ்ட் சத்தம்தான் தரும்.

பதில் 3: சீட்டுக்குப் பின்னால கூரைத் தண்ணி வடியுற ஓட்டை அடைச்சுக்கிட்டா சில் (கதவுக்குக் கீழ இருக்குற பாடி பகுதி) உள்ளே துரு பிடிக்கும். காயிலோவர் பிறகு போட்டாலும் ரொம்ப இறக்காதீங்க, சஸ்பென்ஷன் கடைசியில முட்டுற ரப்பர் பம்ப் ஸ்டாப்ல உட்கார்ந்துடும்.