மங்கலான உள்ளரங்கில் பேட்மிண்டன்: கேமரா பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

இறகுப்பந்து_அம்மா

வணக்கம். என் மகளுக்கு 13 வயது, பேட்மிண்டன் ஆடுகிறாள். அவளோடு சேர்ந்து பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் 16 பேர். ஒவ்வொருவருக்கும் அவர்கள் ஆடும்போது எடுத்த ஒரு நல்ல படமாவது கொடுக்க வேண்டும் என்று ஆறு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். முடியவில்லை.

என்னிடம் இருப்பது கேனன் 1500டி. கூடவே 18-55 கிட் லென்ஸ், 55-250 ஜூம். அரங்கின் கூரை உயரம், விளக்குகள் மேலே எங்கோ தொங்குகின்றன. கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது, படத்தில்தான் மங்கல். ஏவி மோடில் லென்ஸ் திறப்பை எஃப் 5.6, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 என்று வைத்தால் கேமரா தானாக 1/160 நொடி ஷட்டர் வேகம் தருகிறது. முகம் ஓரளவு தெரியும், கையும் ராக்கெட்டும் கரைந்துவிடும். ஷட்டர் வேகத்தை நானே வைக்கும் டிவி மோடில் 1/500 வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் இருட்டு. போன சனிக்கிழமை 412 படங்கள் எடுத்தேன். தேறியவை ஒன்பது. அந்த ஒன்பதிலும் பிள்ளைகள் சர்வீஸ் போடுவதற்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். தெரிந்தவர் ஒருவர், இந்த கேமராவைக் கொடுத்துவிட்டு பெரிய சென்சார் கொண்ட, உள்ளே கண்ணாடி இல்லாத ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வாங்கச் சொல்கிறார். அதோடு வரும் லென்ஸ் 24-105, எஃப் 4-7.1. அது போதுமா? இரண்டாவது, 1/500இல் தொடர்ச்சியாக எடுத்தபோது ஒரு படம் சரியாகவும் அடுத்தது பழுப்பாகவும் அதற்கடுத்தது பாதி இருட்டாகவும் வந்தன. ஷட்டர் கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_ஷட்டர்

வணக்கம் அம்மா. 12 வருடமாக ஜூடோ, டேபிள் டென்னிஸ், பேட்மிண்டன் மூன்றையும் உள்ளரங்குகளில்தான் எடுத்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாடியை மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் கொடுத்த எண்களே காரணத்தைச் சொல்கின்றன. எஃப் 5.6இல் 1/160. எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகும். இதே வெளிச்சத்தில், இதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வரும். ஐஎஸ்ஓவை 6400இலிருந்து 3200க்குக் குறைத்த பிறகும் ஷட்டர் வேகம் 1/800 கிடைக்கும். வேறு எதை மாற்றினாலும் இவ்வளவு பெரிய தாவல் கிடைக்காது. அவர் சொன்ன ஃபுல் ஃப்ரேம் சென்சார் உங்களுடையதைவிடச் சுமார் இரண்டரை மடங்கு பரப்பு கொண்டது, அதாவது ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரண்டு மடங்காவது ஒரு ஸ்டாப்) சற்று மேலான நன்மை. ஆனால் அந்த லென்ஸை 105க்கு நீட்டியதும் எஃப் 7.1 ஆகிவிடும். உங்கள் ஜூமைவிட அது இன்னும் இருட்டு, கிடைத்த நன்மையில் பாதி அங்கேயே போய்விடும். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். முதல் வருடம் புது பாடி வாங்கி அதில் பழைய ஜூமையே மாட்டினேன். ஒரு போட்டி முழுக்க எடுத்துவிட்டு வீட்டில் திறந்து பார்த்தால் கலங்கல் அப்படியே இருந்தது. அன்றைக்கு முதன்முதலாகப் பதக்கம் வாங்கிய ஒரு பெண்ணுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு படமும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சரி, எந்த லென்ஸ்? கேனன் இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம், இஎஃப் 85 எஃப் 1.8 யுஎஸ்எம் இரண்டில் ஒன்று. நீங்கள் எங்கே உட்காரப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் சென்சாரின் உயரம் 22.3 மி.மீ. அதை லென்ஸின் எண்ணால் (50 அல்லது 85 மி.மீ.) வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். எவ்வளவு உயரம் படத்துக்குள் அடங்கும் என்று வந்துவிடும். வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பின்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பிள்ளை சுமார் 6 மீட்டரில் இருப்பாள். 50இல் 2.7 மீட்டர் உயரம் அடங்கும். தாவி அடித்தாலும் ராக்கெட் வெட்டுப்படாது. அதே இடத்தில் 85 மாட்டினால் ஒன்றரை மீட்டர்தான், இடுப்புக்கு மேலே முகமும் கையும். அதுவும் அழகுதான், ஆனால் வேறு மாதிரிப் படம். கோர்ட்டின் இந்தப் பக்கப் பின்கோட்டு மூலையில் நின்று எதிர்ப் பக்கம் ஆடுபவரை எடுப்பதென்றால் தூரம் 12 மீட்டர் அளவுக்கு இருக்கும். அங்கே 85 தான் சரி, மூன்று மீட்டருக்கு மேல் உயரம் அடங்கும். அங்கே உட்காராதீர்கள், நின்று எடுங்கள். வலையின் விளிம்பு ஒன்றரை மீட்டர் உயரம், அதற்கு மேலே முகம் தெரிய வேண்டும்.

85இன் ஃபோகஸ் மோட்டார் வேகமானது, 50இல் கொஞ்சம் மந்தம். ஆனால் 85ஐ எஃப் 1.8இலேயே திறந்து வைத்தால் வெள்ளைச் சட்டை, இறகுப்பந்து இவற்றின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். எஃப் 2.2க்குக் கொண்டுவந்தால் பெருமளவு குறையும்.

அப்புறம் மோடு. ஏவியும் வேண்டாம், டிவியும் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடு வையுங்கள். அரங்கில் விளக்கு மாறப்போவதில்லை. பின்னால் வெள்ளைச் சுவர் வந்தால் ஒரு மாதிரியும் இருண்ட மூலை வந்தால் வேறு மாதிரியும் கேமரா கணக்குப் போடும். அந்த வேலையை அதனிடம் கொடுக்கவே வேண்டாம். முதலில் ஷட்டர் 1/640. பிறகு எஃப் 2. கடைசியாக முகம் சரியாகத் தெரியும் வரை ஐஎஸ்ஓ. புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தால் வரட்டும். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துக் கணினியில் வெளிச்சம் ஏற்றினால் நிழல் பகுதி இன்னும் மோசமாகும். நாய்ஸ் உள்ள படத்தைப் பிள்ளைகள் சுவரில் மாட்டுவார்கள், கலங்கிய முகத்தை மாட்ட மாட்டார்கள்.

உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அடிக்கும் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே போய்விடும். ஒரே ஒரு தட்டு, தாவலின் உச்சியில். மேலே போன உடம்பு இறங்கத் தொடங்கும் முன் ஒரு கணம் மேலும் போகாது, கீழும் வராது. அந்தக் கணத்தில் 1/500 கூடப் போதும். இறகுப்பந்தை உறைய வைக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் புறப்பட்டால் 1/1000 நொடிக்குள் 4 செ.மீ. நகர்ந்துவிடும். இந்திய இரட்டையர் வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023இல் கின்னஸ் சாதனையாக அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. அது அதே 1/1000 நொடிக்குள் கிட்டத்தட்ட 16 செ.மீ. கடந்திருக்கும். ராக்கெட்டை விட்டு வந்த பிறகு இறகு காற்றைப் பிடித்துக்கொண்டு சட்டென்று வேகம் குறையும், அப்போது தானாகவே தெளிவாக விழும்.

ஃபிளாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காதது நல்லது. மேலே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் அது அடிக்கக் கூடாது.

நீள்லென்ஸ்

மேலே சொன்னவரோடு ஓரளவுதான் ஒத்துப்போகிறேன். 70-200 எஃப் 2.8 ஜூம் இல்லாமல் உள்ளரங்கு விளையாட்டா? ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு அருகில் வருபவர், தூரம் போகிறவர் எல்லாரையும் எடுக்கலாம். ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ் வைத்துக்கொண்டு பாதி நேரம் ஆள் ஃப்ரேமுக்கு வெளியே போவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான், நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குவகை, அதாவது நெடுக்குக் கோட்டையும் கிடைக்கோட்டையும் பிடிப்பது. கண்ணைப் பிடித்துத் தொடரும் மிரர்லெஸ் பாடியோடு ஒப்பிட்டால் இது மிகவும் பின்தங்கியது.

பழைய_ஷட்டர்

70-200 நல்ல லென்ஸ், என்னிடமும் இருக்கிறது. ஒன்றரை கிலோ. மூன்று மணி நேரம் கையில் பிடித்தால் கடைசி செட்டில் கை நடுங்கும். எஃப் 2.8 என்பது எஃப் 1.8இல் பாதி ஒளிகூட இல்லை. அவர்கள் அரங்கில் 1/640 வேண்டுமென்றால் மறுபடி ஐஎஸ்ஓ 6400க்கே போக வேண்டும். அந்த கேமராவில் சாதாரணமாக அதுதான் உச்சம், மேலே ஏற இடமில்லை. உருவ நிலைப்படுத்தல் இருக்கிறதே என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அது எடுப்பவர் கை அசைவைத்தான் அடக்கும், ஆடுபவரை நிறுத்தாது.

ஃபோகஸ் புள்ளிகள் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஒருநாள் பாடியும் மாறத்தான் வேண்டும். இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரோடு கேனன் மிரர்லெஸ்ஸிலும் நன்றாக வேலை செய்யும் என்பதால் இன்று வாங்கும் 85 அன்றைக்கும் கூடவே வரும். ஜூம் இல்லாத குறைக்கு வழி, ஒரு கேமுக்கு ஒரு இடம் என்று முடிவு செய்து அந்த இடத்துக்கு வரும் கணத்துக்காகக் காத்திருப்பது. எனக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை அப்படிக் காத்திருந்து கிடைத்தவை.

ஒயர்மேன்

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பிழைப்பு வயரிங் வேலை, ஆசைக்குக் கேமரா. ஷட்டர் கெடவில்லை, கவலையை விடுங்கள். விளக்கு துடிக்கிறது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இந்த மாதிரி விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. 1/100 நொடி திறந்திருக்கும் ஷட்டர் ஒரு முழு ஏற்ற இறக்கத்தையும் வாங்கிக்கொள்வதால் எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். 1/500 என்றால் அதில் ஐந்தில் ஒரு துண்டுதான். துண்டு உச்சியில் விழுந்தால் பளிச்சென்று இருக்கும், பள்ளத்தில் விழுந்தால் இருட்டு. குழல்விளக்கு, மெட்டல் ஹாலைடு போன்றவற்றில் பள்ளத்தில் நிறமும் மாறும், அதுதான் உங்கள் பழுப்பு. பாதிப் படம் இருட்டாக வந்ததற்கும் காரணம் இதுதான். அந்த வேகத்தில் ஷட்டர் திரைகள் ஒரு இடுக்கு மாதிரி நகர்கின்றன, இடுக்கு மேலிருந்து கீழே போவதற்குள் விளக்கு மங்கிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் போனில் ஸ்லோமோஷன் வீடியோ இருந்தால் 240 ஃப்ரேமில் வைத்து அரங்கின் கூரையைப் பிடியுங்கள். எந்த விளக்கு துடிக்கிறது, எது நிலையாக இருக்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும். பெரிய அரங்குகளில் விளக்குகளை மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துப் போட்டிருந்தால் ஒன்று மங்கும்போது இன்னொன்று ஏறும். அப்படி வெளிச்சம் கலந்து விழும் கோர்ட்டில் தொல்லை குறைவு. உங்கள் அரங்கில் எந்தக் கோர்ட் அப்படி என்று வீடியோவில் பார்த்து, மகளின் அணி அங்கே ஆடும்போது எடுங்கள்.

கேனனில் இந்த விளக்குத் துடிப்பை (ஃபிளிக்கர்) கண்டுபிடித்து உச்சி பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி 2014இல் 7டி மார்க் 2இல் வந்தது. உங்கள் 1500டியில் அது இல்லை. பாடி மாற்றும் நாளில் முதலில் அதைத்தான் பாருங்கள், மெகாபிக்சலை அல்ல. அதுவரை கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள், நிறத்தையும் வெளிச்சத்தையும் படத்துக்குப் படம் திருத்திக்கொள்ளலாம். மிரர்லெஸ் வாங்கினால் அங்கே எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது வரி வரியாகப் படிப்பதால் விளக்கின் துடிப்பு பட்டை பட்டையாக விழும், வீசும் ராக்கெட்டும் வளைந்து தெரியும்.

இறகுப்பந்து_அம்மா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினரிடம் 50 எஃப் 1.8 இருந்தது, வாங்கிக்கொண்டு போனேன். எம் மோடு, 1/640, எஃப் 2, ஐஎஸ்ஓ 3200. கூரையை ஸ்லோமோஷனில் பிடித்தபோது முதல் இரண்டு கோர்ட்டுகளுக்கு மேலே விளக்குகள் படபடவென்று துடித்தன. மூன்றாவது கோர்ட்டில் அந்த அளவு இல்லை. பயிற்சியாளரிடம் கேட்டு எங்கள் பிள்ளைகளை அங்கே ஆட வைத்தேன். வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

260 படங்கள், தேறியவை 41. பதினோரு பிள்ளைகளுக்குப் படம் கிடைத்துவிட்டது. யாரோடும் அதிகம் பேசாத ஒரு சின்னப் பெண் எங்கள் குழுவில் இருக்கிறாள். அவள் இரண்டு காலும் தரையில் படாமல், வாயைத் திறந்து, முழு பலத்தோடு அடிக்கிறாள். அதை அவள் அம்மாவிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. கலங்கிய படங்களில் பாதி அசைவால் அல்ல. ஃபோகஸ் வலையிலோ பின்னால் இருக்கும் சுவரின் எழுத்துகளிலோ போய் நிற்கிறது.

பழைய_ஷட்டர்

பதினொன்று! ரொம்ப மகிழ்ச்சி அம்மா.

ஃபோகஸ் மோடை, நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோவுக்கு மாற்றுங்கள். ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தானாகத் தேர்வு செய்ய விட்டால் அது கோடும் எழுத்தும் உள்ள இடத்துக்குத்தான் ஓடும். புள்ளியை முகத்தில் வைக்க முயல வேண்டாம், சட்டையின் நெஞ்சுப் பகுதியில் வையுங்கள், அளவில் பெரியது, தவறாது. அடிக்கும்போது பிடிப்பது தாமதம். அவள் பின்னால் நகரத் தொடங்கும்போதே பொத்தானைப் பாதி அழுத்தித் தொடருங்கள். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்க நட்சத்திரப் பொத்தானுக்கு மாற்றும் வசதி உங்கள் மெனுவில் உண்டு. கட்டைவிரல் தொடரும், ஆள்காட்டி விரல் எடுக்கும். பழக இரண்டு வாரம் ஆகும்.

வலைக்குக் காரணம் நீங்கள் உட்கார்ந்த இடம். கம்பத்துக்கு நேரே இருந்தால் வலையின் ஓரம் நடுவில் வந்துவிடும். ஒரு மீட்டர் உங்கள் பிள்ளைகள் ஆடும் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், வலை ஃப்ரேமை விட்டே போய்விடும். 6 மீட்டரில் 50ஐ எஃப் 2இல் வைத்தால் தெளிவு முன்னும் பின்னுமாக மொத்தம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், அதனால் சின்னப் பிழையை லென்ஸ் பொறுத்துக்கொள்ளும். மீதி ஐந்து பிள்ளைகளின் படத்தையும் எடுத்ததும் இங்கே சொல்லுங்கள்.