பலேனோ, ஐ20, ஆல்ட்ரோஸ் கார்கள்: அம்மாவுக்கு எது வசதி?

மடிவாளாவாசி: வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். தினமும் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டணும். மாதம் ஒருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். மூன்றையும் ஓட்டிப் பார்த்தும் மனம் ஒன்றில் நிற்கவில்லை.

ஓசூர் ரோடு: அந்த நெரிசலுக்கு ஐ20 ஐவிடிதான், அதாவது படிகள் இல்லாத தானியங்கி கியர். உருண்டுகொண்டே போகும். பலேனோவில் வருவது ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியரையே தானாக மாற்றும் வகை; கியர் மாறும்போது தலை லேசாக ஆடும்.

அல்சூர் அண்ணன்: தம்பி, அம்மாவை வைத்து முடிவு பண்ணுங்க. ஆல்ட்ரோஸ் கதவு 90 டிகிரி திறக்கும். என் அத்தை முதலில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் கையால் தூக்கி உள்ளே வைப்பார், கதவு இடிக்காது. டிக்கி 345 லிட்டர், பலேனோவில் 318. 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்ட்ரோஸுக்கு 5 நட்சத்திரம் கொடுத்தது. சேலம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எனக்கு அது பெரிய தைரியம். ஆனால் அதன் பெட்ரோல் இன்ஜின் மூன்று சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது சீட்டில் அதிர்வு தெரியும். பலேனோவின் நான்கு சிலிண்டர் அமைதி வராது, உண்மை.

மடிவாளாவாசி: நன்றி அண்ணா. இன்று அம்மாவைக் கூட்டிப்போனேன். ஆல்ட்ரோஸில் என் கையைப் பிடிக்காமலே ஏறிவிட்டார். அதையே எடுக்கிறேன், டிசிஏ என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியரோடு.