தோஹாவில் தம்பியின் பாஸ்போட், பெயரில் ஒரு எழுத்துச் சிக்கல்

வணக்கம், களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். தம்பி கத்தாரில் சாரதி. 2016இல் எடுத்த பாஸ்போட் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. புதுப் பாஸ்போட்டுக்கான கே 35 ஏ விண்ணப்பப் படிவம் நிரப்பி அங்கேயே இலங்கைத் தூதரகத்தில் கொடுத்தான், ஐந்து கிழமைக்குப் பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் பெயர். பாஸ்போட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் 'காந்த்' என்று முடிகிறது, 1988ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரத்தில் 'காந்தன்'. மை மங்கி, அந்த 'ன்' மட்டும் தெளிவாக இருக்கிறது!

பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்தேன், அதிலும் அதே 'ன்' தான். சமாதான நீதவானிடம் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன், அதுவும் போதாதாம். பாஸ்போட் முடிந்தால் விசா புதுப்பிக்க முடியாது, வேலையும் போய்விடும், அம்மாவுக்கு அதே யோசனைதான். லீவு இல்லாததால் அவனால் ஊருக்கு வரவும் ஏலாது.

இப்படி 'ன்' சிக்கலில் மாட்டியவர்கள் சொல்லுங்கோ: அவன் அங்கே இருக்க, பிறப்புப் பதிவில் பெயரைத் திருத்த நான் இங்கிருந்து அவனுக்காக விண்ணப்பிக்கலாமா?