மறு: சுங்கக் கூட்டணியா, சுங்க ஒன்றியமா?

> 'Customs union' என்பதற்குத் தமிழில் சுங்கக் கூட்டணி என்றே வைத்துவிடலாம். எளிமை, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, எளிமை சரிதான். ஆனால் கூட்டணி என்றாலே தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வருகிறது. தேர்தல் முடிந்தால் அவரவர் வழி. இந்த ஏற்பாட்டிலோ உறுப்பு நாடுகள் எல்லாம் வெளியாரிடம் ஒரே சுங்கம்தான் வசூலிக்க வேண்டும்; பறிபோவதே அந்தச் சுதந்திரம்தான்.

தடையற்ற வணிக வட்டாரம் என்றால் உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்கத்தை நீக்கிக்கொள்ளும்; வெளியாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பது அவரவர் விருப்பம். ஐஸ்லாந்தும் சுவிட்சர்லாந்தும் அப்படியொரு ஐரோப்பிய வட்டாரமான எஃப்டாவில் இருந்துகொண்டே சீனாவுடன் தனித்தனியாக ஒப்பந்தம் போட முடிந்தது அதனால்தான். இரண்டும் 2014இல் நடைமுறைக்கு வந்தன.

வளைகுடா நாடுகள் ஒரு படி மேலே போயின. 2003இலிருந்து வெளிநாட்டுச் சரக்கு ஆறு நாடுகளில் எதில் இறங்கினாலும், பெரும்பாலானவற்றுக்கு 5 விழுக்காடு சுங்கம் என்று ஏற்பாடு செய்தன. மறு ஆண்டே பஹ்ரைன் அமெரிக்காவுடன் தனியாகத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சவூதி அரேபியா சும்மா இருக்குமா? அமெரிக்கச் சரக்கு பஹ்ரைனில் சுங்கமில்லாமல் இறங்கி, கடற்பாலத்தில் லாரியேறி சவூதிக்குள் வந்துவிட்டால் அந்த 5 விழுக்காட்டை யார் வசூலிப்பது? எதிர்ப்பு பகிரங்கமாகவே வந்தது. ஓமனும் 2006இல் அதே வழியில் போனது என்பது வேறு கதை.

ஆகவே என் வாக்கு 'சுங்க ஒன்றிய'த்துக்கு. 'சுங்க' என்ற முன்னொட்டை மட்டும் விட்டுவிடக்கூடாது; வெறும் ஒன்றியம் என்றால் குழப்பம்தான். துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 1995 இறுதியிலிருந்து அதனுடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது.

அப்புறம், வெளியாரிடம் வசூலிக்கும் அந்த ஒரே தீர்வைக்கு 'பொது வெளி வரி' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. சேர்த்துப் படித்துப் பாருங்கள், பூங்காவில் உட்கார்ந்தால் வரி போடுவார்கள் போலிருக்கிறது! 'பொதுப் புறத்தீர்வை' எனலாம். கலால் தீர்வை, இறக்குமதித் தீர்வை என்று தீர்வை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தான்.

———

> பொதுப் புறத்தீர்வை

எனக்கும் சம்மதம். 'பொது'தான் கொஞ்சம் உறுத்துகிறது. தென் அமெரிக்க நாடுகளின் சுங்க ஒன்றியமான மெர்கோசூரில் ஒவ்வொரு நாடும் அந்தத் தீர்வைக்கு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. சீனாவுடன் தனியாகப் பேச வேண்டும் என்று உருகுவே வேறு நச்சரித்தது. ஆனாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தானே நாம் பெயர்க்க வேண்டும்? இருக்கட்டும்.

சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதிகளுக்கு 'பிறப்பிட விதி' போதுமா? சட்டை ஓரிடத்தில் தைக்கப்படுகிறது, துணி வேறிடத்தில் நெய்யப்படுகிறது. 'உற்பத்திமூல விதி' என்றால் இந்தச் சிக்கலுக்கும் இடம் கொடுக்கும் என்று தோன்றுகிறது.